பதினேழாம் அடிக்குறிப்பு

திருச்சபை வரலாறு கற்பிக்கும் அந்த அம்மாவுக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் அடிக்குறிப்பு அம்மா. கட்டுரையை நீட்டினால் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். தாளைச் சற்றே உயர்த்தி, கீழ் ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். அங்கே ஒன்றும் இல்லையென்றால் தாள் வந்த வழியே திரும்பிவிடும்.

"யார் சொன்னது, எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்? இந்த மூணும் இல்லன்னா அதுக்குப் பேரு வதந்தி."

ஒருமுறை ஒரு மாணவன் விடுப்புக் கடிதத்தில் 'எனக்குக் காய்ச்சல்' என்று எழுதி, அதன் தலையில் ஒன்று என்று எண் போட்டு, அடியில் 'மருத்துவர் சீட்டு, பக்கம் ஒன்று' என்று குறிப்பும் கொடுத்திருந்தான். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. அம்மா சிரிக்கவில்லை. சீட்டைக் கேட்டு வாங்கி, தேதியைச் சரிபார்த்து, அப்புறம்தான் விடுப்புக் கொடுத்தார்.

பெரிய பட்டம் வாங்கி அவர் இந்த வேலைக்கு வரவில்லை. அதே இறையியல் கல்லூரியின் நூலகத்தில் புத்தகங்களுக்குப் பட்டியல் அட்டை எழுதும் வேலையில் சேர்ந்தவர். எழுதும் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் அட்டை எழுதுவார். பதினோரு வருடம் அப்படிப் படித்த பிறகு, வரலாறு கற்பித்தவர் திடீரென்று வேறு ஊருக்குப் போய்விட, முதல்வர் இவரை வகுப்புக்கு அனுப்பினார். பட்டத்தை அஞ்சல் வழியில் பிறகு வாங்கிக்கொண்டார். பட்டம் இல்லாதவர் ஒரு வாக்கியம் சொன்னால் பின்னால் ஒரு புத்தகம் நிற்க வேண்டும் என்று அப்போது பிடித்த பழக்கம். அதை அவர் விடவே இல்லை.

கல்லூரி சிறியது. இரண்டு மாடி, எட்டு அறை. மாடிப்படிக்குக் கீழே இருந்த சரிவான அறைதான் நூலகம். கடைசி அலமாரிக்குப் போக வேண்டுமானால் குனிய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அதே போல் இன்னும் மூன்று கல்லூரிகள் இருந்தன. எதிலும் புத்தகம் போதாது. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. நான்கிலும் வரலாறு கற்பிக்க ஆளுக்கு ஒருவர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அந்த நால்வரும் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

யோசனை பெரியவருடையது. நால்வரில் மூத்தவர், தட்டச்சு தெரிந்தவர். "ஆளாளுக்கு ரெண்டாயிரம் வருஷத்தையும் புரட்டிக்கிட்டு கெடந்தா ஒருத்தரும் உருப்படமாட்டோம். ஆளுக்கு ஐநூறு வருஷம் எடுத்துக்குவோம், நாலு கல்லூரிக்கும் அத அவரே போய் நடத்தட்டும். எழுதினத எல்லாருக்கும் குடுத்துடுவோம்" என்றார். அப்படியே நடந்தது. இருக்கும் புத்தகம் நான்கு கல்லூரிக்கும் சுற்றில் போகும். படித்தவர் கையால் குறிப்பு எழுதி அனுப்புவார். பெரியவர் அதைத் தட்டச்சு செய்து நான்கு படி எடுப்பார். கட்டுகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தவர் மூன்றாமவர். இந்த நாலும் போதாதென்று வாரத்தில் மூன்று நாள் வேறு இடங்களிலும் வகுப்பு எடுத்ததால் பாதி வாழ்க்கை பேருந்தில் போனவர், பஸ் வாத்தியார் என்றே பெயர். நாலாவது இடத்துக்கு ஆள் மாறி மாறி வந்து, கடைசியாக நிலைத்தவர் கணினித் தம்பி. குறிப்புகளை எல்லாம் கணினியில் ஒரு பொதுக் கோப்பில் போட்டு, யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஆக்கியவர் அவர்தான்.

அந்த ஏற்பாட்டுக்கு மூன்று விதிகள் இருந்தன. குறிப்புகளில் யார் பெயரும் இருக்காது, எல்லாருக்கும் பொது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை காலப்பகுதிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். தட்டச்சு முடிந்ததும் கையெழுத்துத் தாளைக் கிழித்துவிட வேண்டும். ஒரே பாடத்துக்கு இரண்டு வடிவம் உலாவக் கூடாது. மூன்றாவது விதி அம்மா கொண்டுவந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்தக் குறிப்புகளை ஒரு பாடப்புத்தகமாக அச்சிட நான்கு கல்லூரிகளும் ஒத்துக்கொண்டன. ஒவ்வொரு மேற்கோளுக்கும் மூலம் கண்டுபிடித்து அடிக்குறிப்பு எழுதும் வேலை யாருக்கு என்று கூட்டத்தில் பேச்சே எழவில்லை. மூவரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எட்டு மாதம் உட்கார்ந்தார். முந்நூற்று நாற்பது குறிப்புகள். முந்நூற்று முப்பத்தொன்பது முடிந்தன. ஒன்று மட்டும் நின்றது: நான்காம் அத்தியாயம், பாலைவனத் துறவிகள், அடிக்குறிப்பு பதினேழு. மேலே பாடத்தில் இருந்தது இது:

'கதவு திறக்காவிட்டாலும், கதவருகே உட்கார்ந்திருப்பது ஜெபம்தான்.'

ஒரு துறவி சொன்னதாகப் பெயரோடு இருந்தது. இதை அறியாத மாணவன் நான்கு கல்லூரியிலும் இல்லை. ஒவ்வொரு வருடமும் பொதுத் தேர்வில் 'விளக்குக' என்று வரும். பெரியவர் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஆறு பக்க விளக்கம் எழுதியிருந்தார். துறவியின் குகைக்குக் கதவு உண்டா இல்லையா என்பதற்கே ஒன்றரைப் பக்கம்.

அந்தத் துறவியின் பொன்மொழிகள் அடங்கிய புத்தகத்தை அம்மா மூன்று முறை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இல்லை. வேறு மொழிபெயர்ப்பை வரவழைத்தார். அதிலும் இல்லை. நல்ல நூலகம் உள்ள இரண்டு இடங்களுக்குக் கடிதம் எழுதினார். 'எங்களுக்கும் கிடைக்கவில்லை, கிடைத்தால் தெரிவிக்கவும், மிக அழகான வாக்கியம்' என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேறு வழியாக முயன்றார். குறிப்பில் துறவியின் மொழிகளுக்கு வரிசை எண் இருந்தது; இந்த வாக்கியம் இருபத்து மூன்று. இருபத்திரண்டாவது மொழி புத்தகத்தில் தொண்ணூற்றோராம் பக்கக் கடைசியில் இருந்தது. இருபத்து நான்காவது தொண்ணூற்றிரண்டாம் பக்கத் தொடக்கத்தில். இரண்டுக்கும் நடுவே புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் இருபத்து மூன்று வந்தது புத்தகத்திலிருந்து அல்ல. இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிய கையிலிருந்து.

முதல் சுற்றில் துறவிகள் பகுதியை எழுதியது யார் என்று அம்மா யோசித்தார். அவரேதான்.

அதன் பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை; இத்தனை வருடம் மறந்திருந்தது திரும்பி வந்தது. அதை எழுதிய வாரம் அவருடைய உடன்பிறந்த தம்பி லாரியில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தான். புத்தகம் வெள்ளிக்கிழமை அடுத்த கல்லூரிக்குப் போயாக வேண்டும். ஆகவே அதையும் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, வட்டக் கண்ணாடி வைத்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. "இங்கெல்லாம் உக்காரக் கூடாதும்மா, கீழ போங்க" என்று நர்ஸ் நாலு தடவை சொன்னாள். போகவில்லை. மடியில் தாள். தொண்ணூற்றோராம் பக்கத்தை எழுதி முடித்து, அடுத்த பக்கம் புரட்டாமல் எவ்வளவோ நேரம் அப்படியே இருந்து, தனக்காக ஒரு வரி எழுதினார். பிறகு பக்கத்தைப் புரட்டினார். வெள்ளிக்கிழமை காலையில் தம்பி போய்விட்டான். வாசலுக்கு வந்த பஸ் வாத்தியாரிடம் புத்தகத்தையும் தாள்களையும் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். பெரியவர் அந்த வரிக்கும் ஓர் எண் போட்டுத் தட்டச்சு செய்திருக்கிறார். விதிப்படி தாளைக் கிழித்திருக்கிறார். அந்தப் பகுதி தனக்கு வேண்டாம் என்று அம்மா அப்போதே பெரியவரிடம் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு ஐந்து வருட மாற்றத்திலும் அது தன்னிடம் வராமல் பார்த்துக்கொண்டதால், தட்டச்சுப் படியைப் பார்க்கவும் இல்லை, ஒரு நாளும் அதைக் கற்பிக்கவும் இல்லை.

அம்மாவின் கணவர் தையல்காரர். இயந்திரத்தை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டார்.

"நல்ல வரியா இல்லையா, அத மொதல்ல சொல்லு."

"நல்ல வரிதான்."

"அப்புறம் என்ன? நான் தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு, பெரிய கடையில எடுத்ததுன்னு எத்தனை பேரு சொல்லித் திரியிறான். நான் என்ன பின்னாலயே ஓடுறேனா?"

"சட்டை வேற. இது சாட்சி. சொல்லாத மனுஷன் வாயில நான் ஒரு வார்த்தைய வச்சிருக்கேன். புத்தகமா வந்துட்டா அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

"சரி, போய்ச் சொல்லு. உண்மையச் சொல்றதுக்கு என்ன கஷ்டம்?" என்று இயந்திரத்தை மறுபடி மிதித்தார்.

அச்சகத்துக்குக் கடைசித் திருத்தம் அடுத்த வியாழக்கிழமை போக வேண்டும். திங்கட்கிழமை பஸ் வாத்தியாரையும் கணினித் தம்பியையும் தன் கல்லூரிக்கு வரவழைத்தார். பெரியவர் வர முடியாது. ஏழு மாதமாகப் பக்கவாதத்தில் கிடந்தார்.

அம்மா பக்க எண்களோடு வரிசையாக எடுத்துச் சொன்னார். இருவரும் கேட்டார்கள். முதலில் வாய் திறந்தது பஸ் வாத்தியார்.

"அக்கா, நீங்க எட்டு மாசமா ராத்திரி பகலா கண்ணக் கெடுத்துக்கிட்டீங்க. ஒரு வாரம் எங்கயாவது போய் இருந்துட்டு வாங்க."

"எனக்கு ஒண்ணும் ஆகல. தாளைக் கொண்டுபோனது நீங்கதான். நினைவில்லையா?"

"நான் தூக்கிட்டுப் போன கட்டு எத்தனை ஆயிரம்? உள்ள வேதம் இருந்துச்சா வெங்காயம் இருந்துச்சான்னு நான் பிரிச்சா பாத்தேன்?"

கணினித் தம்பி மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்த வாக்கியத்துக்கு வெளியில் சான்று இருக்கிறதா என்று அவர் ஏற்கெனவே தேடி வைத்திருந்தார். ஒரு ஜெப நாட்காட்டி. ஒரு காலாண்டிதழில் கட்டுரை. ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு.

"மூணு எடத்துல இருக்கு அக்கா. மூணுலயும் துறவி பேரு இருக்கு."

"ஆய்வேடு எழுதினவர் எங்க படிச்சவர்?"

"நம்ம பெரியவர்கிட்டதான்."

"அவர் எதைப் பாத்து எழுதியிருக்கார்?"

"அதுல… வகுப்புக் குறிப்புன்னு போட்டிருக்கு."

"பாத்தீங்களா? நாம சொன்னதத்தான் அவங்க திருப்பிச் சொல்றாங்க. மலைகிட்ட கத்திட்டு, மலையே ஒத்துக்கிச்சுன்னு சொன்னா ஆச்சா?"

"ஆனா அக்கா, பல்கலைக்கழகம் பட்டம் குடுத்திருக்கே. அது அச்சுல இருக்கு. நீங்க சொல்றதுக்கு என்ன இருக்கு? ஒரு தாள், ஒரு துண்டு?"

"கிழிச்சாச்சு."

"கிழிக்கணும்னு சொன்னது யாரு?" என்றார் பஸ் வாத்தியார். கேலியாகத்தான் ஆரம்பித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொண்டார். "அக்கா, நான் உங்கள நம்பலன்னு சொல்லல. ஆனா நாளைக்கு இது வெளிய போனா, நாலாம் நூற்றாண்டு வாக்கியத்த ஒரு அம்மா என்னுதுன்னு சொல்லுதுன்னு சிரிப்பாங்க. உங்க பேரும் போகும், புத்தகமும் போகும்."

கடைசியில் ஒன்று முடிவாயிற்று. தட்டச்சு செய்தவர் பெரியவர். அந்தத் தாளைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னால் வாக்கியத்தை எடுத்துவிடலாம், ஆறு பக்கத்தையும் எடுத்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அம்மா பெரியவர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் சன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வலது கை மடியில் கிடந்தது. பெரியவரின் மனைவி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பேச்சு எப்படிக்கா இருக்கு?"

"ரெண்டு மூணு வார்த்தைதான். 'ஆமா' வருது. 'அது அது'ன்னு வருது. என் பேரு வரல. மகன் போன்ல பேசினா அழுவாரு, அவன் பேரும் வரல. புத்தகம் எப்ப வரும்னுதான் கண்ணாலயே கேட்டுக்கிட்டிருக்காரு."

அம்மா அச்சுப்படியை எடுத்து, நான்காம் அத்தியாயத்தைப் பிரித்து அவருடைய இடது கைக்குக் கீழே வைத்தார். பெரியவர் தாளைத் தடவினார். அம்மா நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஐயா, இருபத்து மூணாவது மொழி. நீங்க டைப் பண்ணது. என் கையெழுத்துல வந்தது. 'கதவு திறக்காவிட்டாலும்…'"

"கதவு திறக்காவிட்டாலும்," என்றார் பெரியவர், "கதவருகே உட்கார்ந்திருப்பது ஜெபம்தான்."

ஒரு எழுத்து குழறவில்லை. வகுப்பில் சொல்வது போலவே, 'ஜெபம்தான்' என்பதில் சற்று அழுத்தம் கொடுத்துச் சொன்னார்.

"இது ஒண்ணுதான் முழுசா வருது!" என்று மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தினம் காலையில ரெண்டு தரம் சொல்லுவாரு. டாக்டரே வந்து கேட்டுட்டுப் போனாரு. எந்தக் காலத்து மனுஷனோ, அந்தத் துறவி, நல்லா இருக்கட்டும். இல்லன்னா இந்த வீட்டுல அவரு குரலே கேட்டிருக்காது."

அம்மாவுக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் வந்த வேலை முடியவில்லை.

"ஐயா, இத எழுதினது நான்தானே? நீங்க பாத்தீங்கல்ல?"

"ஆமா" என்றார் பெரியவர்.

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மனைவி சிரித்தார்.

"அவரு எல்லாத்துக்கும் ஆமாதான். இங்க பாருங்க. ஏங்க, இத எழுதினது நானா?"

"ஆமா."

"அந்தத் துறவியா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்து, பாதி முகத்தால் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதாவது இருந்ததா என்று அம்மா வெகு நேரம் பார்த்தார். இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

மறுநாள் பஸ் வாத்தியார் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "என்ன சொன்னாரு?" என்பது. 'ஆமா என்றார்' என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அது பொய்யும் இல்லை. ஆனால் அம்மா மூன்று கேள்வியையும் மூன்று பதிலையும் கேட்ட வரிசையிலேயே சொன்னார்.

"அப்போ சாட்சி இல்ல" என்றார் பஸ் வாத்தியார்.

"இல்ல."

"தாளும் இல்ல."

"இல்ல."

"இப்படி வெறுங்கையோட ஒரு மாணவன் வந்து நின்னா நான் என்ன சொல்லுவேன்? நீங்க என்ன சொல்லுவீங்க?"

அம்மா தொலைபேசியை வைத்தார்.

வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போன படியில், பதினேழாம் அடிக்குறிப்பில் 'மூலம் கிடைக்கவில்லை' என்று தன் கையால் எழுதினார். அதுவாவது உண்மை. 'என்னுடையது' என்று எழுத விதி இடம் கொடுக்கவில்லை; குறிப்புகளில் யார் பெயரும் இருக்காது. ஆறு பக்க விளக்கத்தை அடித்துவிடலாமென்று பேனாவை வைத்தார். பெரியவரின் இடது கை தாளைத் தடவியது கண்முன் வந்தது. பேனாவை மூடிவிட்டார்.

புத்தகம் இரண்டு மாதத்தில் வந்தது. அட்டைக்கட்டு நன்றாக இருந்தது. நான்காம் அத்தியாயத்தைப் பிரித்துத் தாளைச் சற்றே உயர்த்திக் கீழே பார்த்தார். பதினேழுக்கு நேரே அந்த ஆய்வேட்டின் பெயர், பல்கலைக்கழகம், வருடம், பக்கம், எல்லாம் இருந்தன. யார் மாற்றியது என்று கேட்டார். அச்சகத் திருத்தங்கள் ஏறியது பொதுக் கோப்பில்; அதை யாரும் திருத்தலாம், யார் திருத்தினார் என்று அது காட்டாது. கணினித் தம்பி, "வெறுமையா விட்டா முன்பல்லு போன மாதிரி இருக்கும்னு அச்சகத்துல சொன்னாங்க போல" என்றார். பஸ் வாத்தியார் தனக்குத் தெரியாது என்றார். அம்மா பொதுக் கோப்பின் பிழைப்பட்டியலில் 'அடிக்குறிப்பு பதினேழு தவறு' என்று பதிந்தார். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அதன் பக்கத்தில் யாரோ 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். மறுபடி பதிந்தார். அதுவும் சரிபார்க்கப்பட்டது. இந்த வருடம் இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. பதினேழில் இப்போது இரண்டு மூலங்கள். இரண்டாவது ஒரு புதிய கட்டுரை. அது மேற்கோள் காட்டியிருப்பது இவர்களுடைய முதல் பதிப்பை.

பெரியவர் ஓய்வு பெற்றதால் காலப்பகுதிகளை மறுபடி பிரித்தார்கள். துறவிகள் பாடம் அம்மாவிடம் வந்து சேர்ந்தது. வேண்டாமென்று சொல்ல இந்த முறை காரணம் இல்லை. ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை, இருபத்தாறு பேர் வகுப்பில், ஒரு மாணவி எழுந்து வாக்கியத்தை உரக்கப் படித்தாள். படித்துவிட்டு உட்கார்ந்தாள். அம்மா புத்தகத்தை மூடினார்.

"இத அந்தத் துறவி சொல்லல. இருபத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதினேன். தவறி உள்ள வந்துடுச்சு."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்; அம்மா முதல் தடவையாக ஒரு ஜோக் அடித்திருக்கிறார் என்று நினைத்து மற்றவர்களும் சிரித்தார்கள். படித்த மாணவி மட்டும் சிரிக்காமல் புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவள் அவள் முழங்கையைத் தட்டினாள்.

"ஏய், வகுப்புல வாயால சொன்னத மூலமாக் காட்டக் கூடாதுடி. மார்க் போயிடும்."

மாணவி பென்சிலை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அப்படியாம்மா?"

"ஆமா" என்றார் அம்மா. "காட்டக் கூடாது."

அவள் அழிப்பானை எடுத்து, எழுதிய அரை வரியைத் துடைத்தாள். தூளை ஊதிவிட்டு, கீழே இருந்த இரண்டு மூலங்களையும் நோட்டில் பிழையில்லாமல் எழுதிக்கொண்டாள்.